ஈரச் சுவர் உலரும் வரிசை

கோடை மழை பெய்து ஓய்ந்து மறுபடியும் வெயில் அடிக்கும்போது மம்சாபுரத்தின் பழைய தெருக்களில் நின்று சுவர்களைப் பாருங்கள். சிமெண்ட் பூசி, வெள்ளையடித்து, வழவழவென்று இருந்த சுவரில் உள்ளே இருக்கும் செங்கல் வரிசை மெல்லத் தெரியத் தொடங்கும். கல் இருக்கிற இடம் ஒரு சாயல், கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே கலவை இருக்கிற இடம் இன்னொரு சாயல். எத்தனை வரி வைத்துக் கட்டினார்கள், எங்கே ஜன்னலை அடைத்துச் சுவராக்கினார்கள், எங்கே பிற்பாடு ஒட்டுப் போட்டார்கள் என்றெல்லாம் சொல்லிவிடலாம். கொஞ்ச நேரந்தான். சுவர் முழுதும் காய்ந்ததும் எல்லாம் மறைந்து பழையபடி வெள்ளைச் சுவராகிவிடும்.

சிறு வயதில் இதை வேடிக்கையாகப் பார்த்ததோடு சரி. பொருளை உடைக்காமல், அறுக்காமல் அதன் உட்குறையைக் கண்டுபிடிக்கும் வெப்பப் படமுறையைப் பற்றிப் படிக்கத் தொடங்கியபோதுதான் அந்தச் சுவர் என்ன சொல்லிக்கொண்டிருந்தது என்று எனக்கு விளங்கியது. பூச்சு எங்கும் ஒன்றுதான். நனைந்ததும் ஒரே மழையில்தான். அடியில் இருப்பது வேறு வேறு என்பதால் ஒவ்வோர் இடமும் தன் கணக்கில் உலர்கிறது. உள்ளே இருப்பதைச் சுவர் தாமதத்தால் சொல்கிறது. தெர்மல் கேமரா செய்வதும் இதே வேலைதான், ஈரத்துக்குப் பதிலாக வெப்பத்தை வைத்து.

தெர்மல் கேமரா என்றதும் பலருக்குச் சுவருக்கு அப்பால் ஒளிந்திருக்கும் ஆளைக் காட்டும் சினிமாக் காட்சி நினைவுக்கு வரும். அது நடக்காத காரியம். 1800ஆம் ஆண்டு வில்லியம் ஹெர்ஷெல் சூரிய ஒளியை முப்பட்டகத்தால் நிறம் நிறமாகப் பிரித்து, ஒவ்வொரு நிறத்திலும் வெப்பமானியை வைத்துப் பார்த்தார். சிவப்பு முடிந்து, கண்ணுக்கு ஒன்றுமே தெரியாத இடத்திலும் வெப்பமானி ஏறியது. அப்படிக் கிடைத்ததுதான் அகச்சிவப்புக் கதிர். நம் ஊர்ச் சூட்டில் இருக்கும் திண்ணை, மாடு, மனிதர் எல்லாரும் 10 மைக்ரோமீட்டர் அலைநீளத்தை ஒட்டி இந்தக் கதிரை இரவும் பகலும் வீசிக்கொண்டே இருக்கிறோம். கேமராவின் உள்ளே வெப்பம் பட்டால் மின்தடை மாறும் நுண்தகடுகள் ஆயிரக்கணக்கில் அடுக்கியிருக்கின்றன. ஒரு டிகிரியில் இருபதில் ஒரு பங்கு வித்தியாசத்தைக்கூட நல்ல கேமரா பிரித்துக் காட்டும். ஆனால் அது பார்ப்பது பொருளின் மேல்தோலை மட்டும். சாதாரண ஜன்னல் கண்ணாடியைக்கூட இந்தக் கதிர் தாண்டாது. அதனால்தான் கேமராவின் லென்ஸைக் கண்ணாடியில் செய்யாமல் ஜெர்மானியத்தில் செய்கிறார்கள். மூக்குக் கண்ணாடி போட்ட ஒருவரைப் படம் எடுத்தால் கண் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு இருண்ட வட்டங்கள் இருக்கும்.

மேல்தோலை மட்டும் பார்க்கும் கருவி உள்ளே இருக்கும் பிளவை எப்படிக் காட்டுகிறது?

வெப்பம் ஓடும் இயல்புடையது. கண்மாய்க்குப் போகும் ஓடையில் தண்ணீர் ஓடுவது போலச் சூடான இடத்திலிருந்து ஆறிய இடத்துக்கு ஓடிக்கொண்டே இருக்கிறது. ஓடையின் நடுவே பாறை கிடந்தால், அது தண்ணீருக்கு அடியில் இருந்தாலும், மேலே தண்ணீர் சற்று மேவி நிற்பதிலிருந்து அடியில் என்னவோ இருக்கிறது என்று கண்டுகொள்கிறோம். பொருளுக்குள் இருக்கும் பிளவும் பொள்ளலும் வெப்பத்துக்கு அப்படிப்பட்ட பாறைகள். அவற்றில் அடைபட்டிருப்பது காற்று. வெப்பத்தைக் கடத்துவதில் காங்கிரீட்டோடு ஒப்பிட்டால் காற்று ஐம்பதில் ஒரு பங்குதான். எஃகோடு ஒப்பிட்டால் ஏறக்குறைய இரண்டாயிரத்தில் ஒரு பங்கு. காகிதத் தடிமனுள்ள காற்றுப் படலம் போதும், வெப்பத்தின் ஓட்டம் அங்கே தயங்கும். அந்தத் தயக்கம் சிறிது நேரம் கழித்து மேற்பரப்பில் ஓர் இளஞ்சூட்டுத் திட்டாகவோ குளிர்ந்த திட்டாகவோ தெரியும்.

இந்த வேலையை ஒலியால் செய்யும் கலை நம்மிடம் எப்போதும் உண்டு. சந்தையில் பானை வாங்கும்போது அம்மாச்சி விரலை மடக்கித் தட்டிப் பார்ப்பார். கணீரென்றால் நல்ல பானை. சத்தம் அமுங்கினால் எங்கோ கீறல் ஓடியிருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத கீறல் காதுக்குத் தெரியும். வீட்டைப் பழுது பார்க்க வரும் கொத்தனார் கரண்டியின் கைப்பிடியால் சுவரைத் தட்டிக்கொண்டே போய், ஓரிடத்தில் நின்று, “இந்த எடம் பொக்கா கேக்குதுண்ணே, பூச்சு விட்டிருக்கு” என்பார். அநேகமாகச் சரியாகவே இருக்கும். ஆனால் காதுக்குக் கை எட்டும் தூரம் வேண்டும். ஒவ்வொரு சாணாகத் தட்ட வேண்டும். ஐம்பது அடி உயரத்தில், அல்லது தொட்டால் கை வெந்துபோகும் பொருளில் தட்டிப் பார்க்க முடியாது.

தொடவே முடியாத பொருளுக்கு நல்ல உதாரணம் இந்த வட்டாரத்திலேயே இருக்கிறது. சுண்ணாம்புக்கல் கிடைக்கும் பூமி இது. ராஜபாளையத்துக்காரரான பி.ஏ.சி. ராமசாமி ராஜா 1957இல் தொடங்கிய மெட்ராஸ் சிமெண்ட்ஸின் முதல் ஆலை துலுக்கப்பட்டிக்கு அருகே, இன்று ராமசாமிராஜா நகர் என்று வழங்கும் இடத்தில் எழுந்தது. ராஜபாளையத்துக்குப் பக்கத்து ஆலங்குளத்தில் அரசும் ஒரு சிமெண்ட் ஆலையை நிறுவியது. சிமெண்ட் ஆலையின் உயிர் அதன் சூளையில் இருக்கிறது. படுக்கை வாக்கில் சற்றே சாய்த்து வைத்த பிரம்மாண்டமான எஃகு உருளை. ஐம்பது அறுபது மீட்டர் நீளம்கூட இருக்கும். மெதுவாகச் சுழன்றுகொண்டே இருக்கும். உள்ளே சுண்ணாம்புக்கல்லும் களிமண்ணும் 1450 டிகிரி சூட்டில் வெந்து கிளிங்கர் உருண்டைகளாகின்றன. அந்தச் சூட்டை எஃகு தாங்காது. அதனால் உருளையின் உட்புறம் முழுக்கத் தீக்கல் பதித்திருப்பார்கள், ஏறக்குறைய ஒரு சாண் தடிமனுக்கு. அந்தக் கல் இருக்கும்வரை வெளியே எஃகின் சூடு இருநூறு முந்நூறு டிகிரியில் நிற்கும். ஒரு கல் தேய்ந்தால் ஏறும். கல் கழன்று விழுந்துவிட்டால் அந்த இடம் பழுக்கக் காய்ந்து சிவக்கும். எஃகு உருக்குலைந்து சூளையையே நிறுத்த வேண்டிவரும்.

கல்லோ உள்ளே இருக்கிறது. அதற்குள் எரியும் தீயின் முன்னால் எந்தக் கண்ணும் நிற்காது. ஆகவே உலகமெங்கும் சிமெண்ட் ஆலைகளில் சூளைக்குச் சற்றுத் தள்ளி ஒரு கம்பத்தில் அகச்சிவப்பு அளவி ஒன்றைப் பொருத்துகிறார்கள். அது சூளையின் நீளவாக்கில் ஒரே ஒரு கோட்டைத்தான் திரும்பத் திரும்பப் பார்க்கும். சூளை சுழல்வதால் ஒரு சுற்று முடிவதற்குள் அதன் உடம்பு முழுவதும் அந்தக் கோட்டைக் கடந்துபோய்விடும். கட்டுப்பாட்டு அறையின் திரையில் உருளையைக் கிழித்துப் பாய்போல விரித்துப் போட்ட மாதிரி ஒரு வெப்பப் படம் வந்து விழும். எந்த மீட்டரில் எந்தக் கல் மெலிகிறது என்று அதில் நாள் கணக்காகப் பின்தொடரலாம். சூடு கூடிய இடம் மட்டும் செய்தி இல்லை. வழக்கத்தைவிடக் குளிர்ந்து தெரியும் வளையம் இருந்தால், உள்ளே கிளிங்கர் கற்களின் மேல் அடையாகப் படிந்து வழியைக் குறுக்கிக்கொண்டிருக்கலாம். இங்கே கேமராவுக்காக யாரும் வெப்பம் ஊட்டவில்லை. உள்ளே எரியும் தீயே வெளிச்சம்.

ராஜபாளையத்து நூற்பாலைகள் போன்ற பஞ்சு புழங்கும் இடங்களில் மின் பேனல்களைத் தெர்மல் கேமராவால் பார்ப்பதும் இந்த வகைதான். தளர்ந்த இணைப்பில் மின்தடை கூடும், தடை கூடினால் சூடு கூடும். சுமை ஓடிக்கொண்டிருக்கும்போதே, கதவைத் திறந்து தூர நின்று பார்த்தால் மற்ற இரண்டு பேஸையும்விட ஒன்று மட்டும் சூடாக இருப்பது பளிச்சென்று தெரியும்.

சூளைக்கும் பேனலுக்கும் சொந்தச் சூடு உண்டு. தனக்கென்று சூடு இல்லாத பொருளுக்கு யார் வெப்பம் கொடுப்பது? இங்கேதான் நம் வட்டாரத்துக்குப் பெரிய அனுகூலம் இருக்கிறது. விருதுநகர் மாவட்டத்தில் வெயிலுக்கு விலை இல்லை.

பழைய காங்கிரீட் தளத்தில் உள்ளே போன ஈரம் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கிறது. துரு இரும்பைவிடப் பல மடங்கு இடத்தைப் பிடிக்கும். அது பருக்கப் பருக்கக் கம்பிக்கு நெருக்கமான காங்கிரீட் ஏடாகப் பிரிகிறது. வெளியே ஒரு கீறலும் இல்லாமல் உள்ளே பிளந்து நிற்கும் இந்த நிலைதான் ஆபத்தானது. ஒருநாள் காரை பெயர்ந்து கீழே நிற்பவர் தலையில் விழும். நான் படித்த பள்ளியில் ஒரு வகுப்பறைக் கூரையிலிருந்து அப்படி ஒரு பாளம் விழுந்தது. ஞாயிற்றுக்கிழமை என்பதால் பெஞ்சு மட்டும் உடைந்தது. திங்கட்கிழமை காலை அந்தப் பெஞ்சை நாங்கள் சுற்றி நின்று பார்த்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. விழுவதற்கு முதல் நாள் சாயங்காலம்வரை அந்தக் கூரையில் குறை என்று சொல்ல ஒன்றும் தெரிந்ததில்லை.

பாலத்தின் மேல்தளத்தில் இப்படிப் பிரிந்த ஏட்டின் மீது காலை வெயில் விழட்டும். நல்ல இடத்தில் வெப்பம் ஆழத்துக்கு இறங்கிப் போய்விடும். பிரிந்த இடத்தில் இறங்க வழியில்லாமல் மேலேயே தேங்கும். முற்பகலில் கேமராவால் பார்த்தால் அந்த இடம் சுற்றிலும் உள்ளதைவிடச் சூடாகத் தெரியும். இரவில் கணக்கு தலைகீழாகும்: கீழேயிருந்து வெப்பம் ஏறிவர முடியாததால் அதே இடம் முதலில் ஆறிப்போய்க் குளிர்ந்து தெரியும். அமெரிக்காவில் பாலங்களை இம்முறையில் சோதிப்பதற்கென்றே ஒரு தரநிலை இருக்கிறது. வீட்டுக் கூரையை உள்ளேயிருந்து அண்ணாந்து பார்க்கும்போது இன்னொரு திருப்பம். வெயில் மொட்டைமாடியில் அடிக்கிறது, நாம் பார்ப்பதோ அடிப்பக்கம். பிற்பகலில் தளத்தின் வழியாக வெப்பம் கீழே வந்து சேரும்போது, ஏடு பிரிந்த இடத்துக்கு அது தாமதமாகத்தான் வரும். ஆகவே அங்கே சூடான திட்டைத் தேடக்கூடாது. குளிர்ந்த திட்டைத்தான் தேட வேண்டும். ஒரே குறை, எங்கிருந்து பார்க்கிறோம், எந்நேரம் பார்க்கிறோம் என்பதைப் பொறுத்து வெவ்வேறு முகம் காட்டுகிறது. இரண்டுக்கும் நடுவே ஒரு வேளை வரும்: உள்ளும் புறமும் சூடு சமமாகி, குறை இருந்தும் படத்தில் ஒன்றுமே தெரியாத வேளை. அந்நேரம் கேமராவைத் தூக்கிக்கொண்டு போனவர், கூரை நன்றாக இருக்கிறது என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிடுவார்.

எந்நேரம் பார்ப்பது என்பதற்கு இயற்கை ஒரு கணக்கு வைத்திருக்கிறது. வெப்பம் ஒரு பொருளுக்குள் விரவிப் போக ஆகும் நேரம், ஆழத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடும். ஆழம் இரட்டித்தால் நேரம் நான்கு மடங்கு. காங்கிரீட்டில் இரண்டரை சென்டிமீட்டர் ஆழத்துக்கு ஏறக்குறைய கால் மணி நேரம். ஐந்து சென்டிமீட்டருக்கு ஒரு மணி. பத்து சென்டிமீட்டருக்கு நான்கு மணி. எஃகு வேகமானது: ஐந்து மில்லிமீட்டரைச் சுமார் 2 நொடியில் கடக்கும். அலுமினியத்தில் இரண்டு மில்லிமீட்டர் என்றால் ஒரு நொடியில் இருபதில் ஒரு பங்குகூட ஆகாது. கண் சிமிட்டினால் போயிற்று. ஆகவே குறை தெரிந்த நேரத்தைக் குறித்துக்கொண்டால் அதன் ஆழத்தையும் கணக்கிட்டுவிடலாம். ஆழம் கூடக் கூடத் தாமதம் மட்டும் கூடுவதில்லை, திட்டின் ஓரங்களும் கலங்கி மங்கிப்போகும். குறையின் அகலம் அதன் ஆழத்தைப்போல இரண்டு மடங்காவது இருந்தால்தான் நம்பிப் பார்க்கலாம் என்பது இத்துறையினரின் கைக்கணக்கு.

தென்னந்தோப்புக்குப் போனவர்களுக்குப் பன்னாடையைத் தெரியும். மட்டையின் அடியில், யாரோ தறியில் நெய்து சுற்றிவிட்ட துணிபோல் இருக்கும். ஸ்ரீவில்லிபுத்தூரைத் தாண்டி கிருஷ்ணன்கோவிலில் இருக்கும் கலசலிங்கம் பல்கலைக்கழகத்தின் கூட்டுப்பொருள் மையத்தில் இந்தப் பன்னாடையை பாலியெஸ்டர் பிசினில் தோய்த்துப் பலகையாக்கி, அதன் வலுவையும் தேய்மானத்தையும் ஆராய்ந்து கட்டுரைகள் வெளியிட்டிருக்கிறார்கள். கண்ணாடி இழை, கார்பன் இழை, பன்னாடை எதுவாக இருந்தாலும் இழையும் பிசினும் சேர்ந்த பலகைக்கு ஒரே விதமான நோய்தான்: பிசின் புகாத இடத்தில் காற்றுக் குமிழ், அடுக்குக்கும் அடுக்குக்கும் ஒட்டாத இடைவெளி. மேற்பரப்பு மினுமினுவென்று இருக்கும். தென்காசிப் பக்கமும் ஆரல்வாய்மொழிப் பக்கமும் சுழலும் காற்றாலைகளின் இறக்கைகள் இவ்வகைப் பொருளே. இரண்டு ஓடுகளைப் பசையால் ஒட்டிச் செய்யும் அந்த நீண்ட இறக்கையில் ஒட்டு விட்டுப்போன இடத்தை வெளியே இருந்து கண்டுபிடிக்க வெப்பப் படம் உலகமெங்கும் கைகொடுக்கிறது. சிறு பலகையாக இருந்தால் வெயிலுக்குக் காத்திருக்க வேண்டாம். வலுவான பிளாஷ் விளக்கை ஒருமுறை மின்ன வைத்துவிட்டு, அது ஆறுவதைக் கேமராவில் பதிவு செய்வார்கள். இரண்டு மில்லிமீட்டர் ஆழத்துக் குமிழ் சுமார் 20 நொடியில் தன்னைக் காட்டும்.

கல்பனா சாவ்லாவை நினைக்காமல் இந்தப் பகுதியைக் கடக்க முடியவில்லை. 2003 ஜனவரி 16 அன்று அவர் சென்ற கொலம்பியா விண்ணோடம் கிளம்பியபோது எரிபொருள் தொட்டியிலிருந்து பெயர்ந்த நுரைத் துண்டு அதன் இடது இறக்கையின் முன்விளிம்பில் மோதியது. அந்த விளிம்பு கார்பன் இழைகளால் வலுவூட்டிய கார்பன் பலகைகளால் ஆனது. பிப்ரவரி 1 அன்று திரும்பும் வழியில் அந்த இடத்தின் வழியாகப் புகுந்த சூடான வாயு இறக்கையைச் சிதைத்தது. அதில் இருந்த ஏழு பேரும் இறந்தார்கள். அதன் பிறகு அந்தக் கார்பன் பலகைகளை ஒவ்வொரு பயணத்துக்கும் இடையில் வெப்பப் படமுறையால் சோதிப்பது வழக்கமாயிற்று. 2006 ஜூலையில் டிஸ்கவரி விண்ணோடத்தில் சென்ற பியர்ஸ் செல்லர்ஸும் மைக் ஃபோசமும் விண்வெளியில் நடந்தபடியே அகச்சிவப்புக் கேமராவால் மாதிரிப் பலகைகளைப் படம் எடுத்துப் பார்த்தார்கள்.

பிளாஷ் விளக்கில் ஒரு சங்கடம் உண்டு. ஆழத்தில் இருக்கும் குறையை எட்ட வேண்டுமானால் நிறைய வெப்பத்தை ஒரே நொடியில் கொட்ட வேண்டும், மேற்பரப்பு கருகிப்போகலாம். இதற்கு மாற்றாக வெப்பத்தை அலையலையாக, விளக்கைக் கூட்டிக் குறைத்து ஊட்டும் முறை வந்தது. மெதுவான அலை ஆழம்வரை போகும். வேகமான அலை மேலேயே அடங்கிவிடும். அலையின் துடிப்பு வேகத்தைப் பத்தில் ஒன்றாக்கினால் எட்டும் ஆழம் மூன்று மடங்கு சொச்சம் கூடும். ஆனால் ஓர் அலைக்கு ஓர் ஆழம் என்பதால் ஒவ்வோர் ஆழத்துக்கும் தனித்தனியாகச் சோதிக்க வேண்டியிருந்தது. இந்தச் சிக்கலுக்கு வழி கண்டவர்களில் நம் நாட்டவர் இருவர். டெல்லி ஐஐடியில் பணியாற்றிய ரவிபாபு முலவீசலாவும் சுனீத் துலியும் 2006இல் அப்ளைடு பிசிக்ஸ் லெட்டர்ஸ் இதழில் தங்கள் முறையை வெளியிட்டார்கள். துடிப்பை ஓரிடத்தில் நிறுத்தாமல், மெதுவிலிருந்து வேகம்வரை ஒரே ஓட்டமாக மாற்றிக்கொண்டே வெப்பம் ஊட்டுவது. அதிக வலு தேவையில்லை. எல்லா ஆழங்களும் ஒரே சோதனையில் அகப்படும்.

ஊட்டியதும் மெல்லிய வெப்பம், திரும்பி வரும் செய்தியும் மெலிந்தது. அதை இரைச்சலிலிருந்து எப்படிப் பிரிப்பது என்பதற்கு ரேடார்காரர்களின் உத்தி உதவியது. ஆடிப்பூரத் தேரோட்டக் கூட்டத்தில் ஆயிரம் குரல்களுக்கு நடுவே நம் பிள்ளை கூப்பிடுவது மட்டும் நமக்குக் கேட்டுவிடுகிறது, அந்தக் குரலின் ஏற்ற இறக்கம் நமக்கு முன்பே பழக்கம் என்பதால். அனுப்பிய துடிப்பின் ஏற்ற இறக்கம் கணினிக்குத் தெரியும். ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் வரும் சூட்டின் போக்கில் அதே ஏற்ற இறக்கத்தை அது தேடுகிறது. எவ்வளவு பிந்தி வந்தது என்பதிலிருந்து ஆழம் கிடைக்கிறது.

உலோகத்தில் முடியளவு விரிசல் என்றால் சென்னை ஐஐடிக்குப் போக வேண்டும். அங்கே 2001இல் தொடங்கிய உடைக்காச் சோதனை மையத்தில் கிருஷ்ணன் பாலசுப்பிரமணியமும் அவருடைய குழுவினரும், கம்பிச் சுருளால் உலோகத்துக்குள் சுழி மின்னோட்டத்தை ஓடவிட்டு, அதனால் எழும் சூட்டைக் கேமராவால் பார்க்கும் முறையை வளர்த்தெடுத்தார்கள். விரிசலை மின்னோட்டம் தாண்ட முடியாது. அதன் நுனியைச் சுற்றி நெருக்கியடித்துக்கொண்டு போகும். நெருக்கும் இடம் சுடும். கல்பாக்கத்தில் அணு உலைப் பொருள்களுக்காக உடைக்காச் சோதனையை வளர்த்தவர்களில் பல்தேவ் ராஜ் முக்கியமானவர். அவரும் ஜெயக்குமாரும் தவசிமுத்துவும் சேர்ந்து எழுதிய செய்முறைக் கையேடு இத்துறைக்கு வரும் பொறியியல் மாணவர்களுக்குப் பழக்கமானது.

கேமரா ஏமாறும் இடங்களையும் சொல்லிவிட வேண்டும். புதிதாகத் தேய்த்த எவர்சில்வர் குடத்தில் கொதிக்கும் நீரை ஊற்றிவிட்டுப் படம் எடுத்தால் குடம் ஆறிக் கிடப்பதுபோல் தெரியும், அதில் நம் முகத்தின் சூடு பிரதிபலிக்கும். பளபளக்கும் உலோகம் தன் கதிரைக் கஞ்சத்தனமாக வீசும். பிறர் கதிரைத் திருப்பி அனுப்பும். அதன்மேல் கறுப்பு இன்சுலேஷன் டேப்பைத் துண்டாக ஒட்டினால் அந்தத் துண்டில் மட்டும் உண்மையான சூடு தெரியும். ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாகச் சாரலோடு வரும் காற்று கூரை, சுவர் எல்லாவற்றின் சூட்டையும் வழித்தெடுத்துவிடும். அந்த மாதங்களில் வெளிச்சோதனை வைத்துக்கொள்ளாமல் இருப்பது நல்லது. சுவரில் பாசி படிந்த இடம், எண்ணெய்க் கறை, நேற்று அடித்த பெயின்ட் எல்லாம் குறைபோலவே வேஷம் போடும். படத்தில் தெரியும் சிவப்பும் நீலமும் கேமரா சூட்டி விட்ட நிறங்கள். வண்ணத்தின் எல்லையைச் சற்று நகர்த்தினால் நல்ல சுவரும் நோயாளியாகத் தெரியும்.

ஊரில் ஒரு பழைய பள்ளிக் கூரையைச் சோதிப்பதென்றால் நான் இப்படிச் செய்யச் சொல்வேன். காற்றில்லாத பங்குனி மாதத்தில் ஒரு நாள். காலை எட்டு மணிக்கு ஒரு படம், பிறகு மணிக்கொன்றாகச் சாயங்காலம்வரை, கேமராவை முக்காலியில் நிறுத்தி, ஒரே இடத்திலிருந்து. எல்லாவற்றையும் வரிசையாக வைத்துப் பார்த்தால், சுற்றிலும் உள்ள தளத்தோடு சேர்ந்து சூடேறாமல் பின்தங்கும் திட்டுகள் தாமாகத் தெரிந்துவிடும். அவற்றைக் கூரையில் சுண்ணாம்புக் கட்டியால் வட்டமிட வேண்டும். வட்டமிட்ட பிறகு ஏணியைப் போட்டு, கரண்டியோடு கொத்தனாரை ஏற்றி, ஒவ்வொரு வட்டத்திலும் தட்டிப் பார்க்கச் சொல்ல வேண்டும். எங்கே பொக்காகக் கேட்கிறதோ அங்கே முதலில் உளி வைக்கலாம்.